நடையில் தெரியும் உடலின் வயது

நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க ஒரு முதியவருக்கு எத்தனை விநாடி ஆகிறது? முதுமையை அளக்கும் வழிகளில் இதுவே மிக எளியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரின் விவரங்களை ஒன்பது ஆய்வுகளிலிருந்து திரட்டிய கட்டுரை ஒன்று 2011இல் வெளியானது. விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தவர்கள் தங்கள் வயதினரின் நடுத்தர ஆயுளை ஒட்டி வாழ்ந்தார்கள். ஒரு மீட்டரும் அதற்கு மேலும் நடந்தவர்கள் அதைவிட நீண்ட காலம் இருந்தார்கள். வயது, பாலினம், நடைவேகம் மூன்றை மட்டும் வைத்துச் செய்த கணிப்பு, நோய்கள், புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றைக் கொண்டு செய்த கணிப்புக்கு ஈடாக நின்றது. இதில் வியப்பில்லை. ஓர் அடி எடுத்து வைக்க இதயம், நுரையீரல், நரம்பு, தசை, மூட்டு, கண், மூளை எல்லாமே உழைக்க வேண்டும். எது தளர்ந்தாலும் நடை தளரும்.

கைப்பிடி வலுவும் அப்படித்தான். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பிடியில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் பிடி பலவீனம்.

ரத்தத்தில் பார்ப்பவற்றுள் சி-ரியாக்டிவ் புரதமும் இன்டர்லூகின்-6உம் முக்கியமானவை. வெளியே தெரியாமல் உடலுக்குள் நெடுங்காலம் நீடிக்கும் அழற்சியை இவை காட்டுகின்றன. ஆனால் சாதாரணக் காய்ச்சலிலும் இவை ஏறிவிடும் என்பதால் ஒரே ஒரு பரிசோதனையை நம்பி முடிவு கட்டக்கூடாது.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்துபோன மூதாட்டிக்குத் தசையே குறைவு என்பதால், சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் அளவு சரியாகவே தோன்றும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இன்னோர் அளவீடான சிஸ்டாட்டின்-சி தசையை அவ்வளவாகச் சாராதது. அதனால் முதியவர்களின் இறப்பு அபாயத்தை அது நன்றாகக் காட்டுகிறது. இதேபோல், தள்ளாத வயதில் எடையும் கொலஸ்ட்ராலும் தாமாகக் குறைந்தால் மகிழ்வதற்கில்லை. உள்ளே ஏதோ நோய் இருக்கலாம்.

குரோமோசோம் நுனிகளான டெலோமியர்கள் பற்றிய கண்டுபிடிப்பு 2009இல் நோபல் பரிசு பெற்றது. ஆயினும் தனிமனிதரின் ஆயுளைக் கணிக்க அவற்றின் நீளம் பெரிதாக உதவவில்லை. டிஎன்ஏவில் 353 இடங்களில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் வெளியிட்டார். 2019இல் வந்த ‘கிரிம்ஏஜ்’ என்ற இதே வகை முறை இறப்பு அபாயத்தையே குறிவைத்து உருவாக்கப்பட்டது. ஆய்வுகளில் இவற்றுக்குப் பெரும் பயன் உண்டு. மருத்துவர் மேசையில் இப்போதைக்கு நடைச்சோதனையே கூடுதலாக உதவும்.

இவை பெருந்திரள் மக்களுக்குப் பொருந்தும் கணக்குகள். ஒருவருக்கு நாள் குறிப்பவை அல்ல. குறியீடு வேறு, காரணம் வேறு என்பதால் பிடி வலுப்பட்டால் ஆயுள் கூடும் என்றும் நேரடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இழந்த வலு மீளும். பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சராசரி 87 வயதான 100 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. அவர்களில் பத்து வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களின் தசைவலு இரு மடங்குக்கும் மேலானது. நடைவேகமும் சுமார் 12 சதவீதம் கூடியது.