அழகான புன்னகை வேண்டுமா? முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள்

பல் மஞ்சளாக இருக்கிறது, வரிசை தப்பி இருக்கிறது என்று சிரிக்கத் தயங்குகிறீர்களா? அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால், திருமணத்திற்கோ தீபாவளிக்கோ முன்பாக, சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து ஹோட்டல் அறையிலும் அழகு நிலையத்திலும் பல்லை ஒப்படைக்காதீர்கள். ஒருமுறை தேய்த்த எனாமல் மீண்டும் வளராது.

உங்களுக்கு எது பொருந்தும்?

• பல் சுத்தம் செய்தல் (ஸ்கேலிங்): தேநீர், கோப்பி, வெற்றிலை, சிகரெட் ஆகியவற்றால் பல்லின் மேல் படிந்த கறையையும் பற்காரையையும் நீக்கும். பலருக்கு இதுவே போதும். அரசாங்கப் பல் மருந்தகங்களில் குறைந்த கட்டணத்தில் செய்துகொள்ளலாம்.

• பல் வெண்மையாக்குதல்: பெராக்சைடு மருந்து பல்லின் நிறத்தை வெளுக்கச் செய்யும். சில நாள் பல் கூச்சம் ஏற்படலாம். அடைத்த பல், செயற்கைப் பல் ஆகியவற்றின் நிறம் மாறாது. சொத்தைப் பல் இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

• வெனீர்: முன்பல்லின் மேல் ஒட்டப்படும் மெல்லிய தகடு. பெரும்பாலும் எனாமலைச் சிறிது தேய்த்த பிறகே ஒட்டுவார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு மாற்றவும் வேண்டிவரும்.

• பல் கம்பி (பிரேசஸ்): எக்ஸ்ரே எடுத்து, வேரையும் எலும்பையும் பார்த்த பிறகே போட வேண்டும். பல் மெதுவாக நகர்வதால் பொதுவாக ஓராண்டுக்கு மேல் ஆகும்.

போலிச் சிகிச்சையின் ஆபத்து

போலிப் பல் கம்பியைச் சோதனையின்றி ஒட்டுவதால், பல் தவறான பக்கம் நகர்ந்து ஆட்டம் காணும். ரப்பர் வளையம் ஈறுக்குள் இறங்கினால் எலும்பு கரையும். கழன்ற துண்டு தொண்டையில் சிக்கலாம். போலி வெனீர் ஈறோடு சேர்த்து ஒட்டப்பட்டால், பல் இடுக்கைச் சுத்தம் செய்ய முடியாது. ஈறு வீங்கும், இரத்தம் கசியும், வாய் நாறும், உள்ளே பல் சொத்தையாகும். மலிவாகப் போட்டதைச் சரிசெய்ய அதைவிடப் பல மடங்கு செலவாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவு பெறாதவர்கள் பல் மருத்துவம் செய்வது குற்றம். பதிவு பெறாத தனியார் பல் மருந்தகத்தை நடத்தும் தனிநபருக்கு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் (சட்டம் 586) கீழ் 300,000 ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2017இல் மலாக்காவில் இப்படிப் பிடிபட்ட 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது.

வாய் திறப்பதற்கு முன்

• மருத்துவரின் பெயர் மலேசிய பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள்.
• நடப்பு ஆண்டுக்கான தொழில் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.
• எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், பின்விளைவு என்ன என்று கேளுங்கள்.

ஏற்கெனவே போலிக் கம்பியோ வெனீரோ போட்டுக்கொண்டீர்களா?

நீங்களே பிடுங்காதீர்கள், எனாமல் பெயர்ந்துவிடலாம். வெட்கப்படாமல் அருகிலுள்ள அரசாங்கப் பல் மருந்தகத்திற்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள். போலிச் சிகிச்சை செய்தவரைப் பற்றி பினாங்கு மாநிலச் சுகாதார இலாகாவிடம் புகார் கொடுங்கள். உங்கள் புகார் இன்னொருவரின் பல்லைக் காப்பாற்றும்.