காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு!

என் நாத்தனார் மகளின் கல்யாண ஆல்பத்தை யாராவது புரட்டினால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஒரு படத்தில்கூட நான் காமிராவை நேராகப் பார்த்திருக்க மாட்டேன். ஒன்றில் முந்தானையைச் சரி செய்கிறேன், ஒன்றில் பந்திப் பக்கம் திரும்பியிருக்கிறேன், ஒன்றில் முதுகுதான் தெரிகிறது. "என்ன அத்தை, எல்லா போட்டோவிலும் திரும்பிக்கிட்டே நிக்கிறீங்க?" என்று புது மாப்பிள்ளைகூடக் கேட்டுவிட்டார். என்னத்தைச் சொல்ல?

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தெட்டு வயசிலேயே முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்தது. ஆரம்பத்தில் பார்லருக்குத்தான் போனேன். மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை அரை நாள் போய்விடும். பில்லைப் பார்த்தால் அந்த மாதப் பால் கணக்கை நெருங்கும். அங்கே அந்தப் பெண் என்னதான் செய்கிறாள் என்று கண்ணாடியில் கவனித்தேன். கிண்ணத்தில் குழைக்கிறாள், பிரஷ்ஷால் பூசுகிறாள், அரை மணி உட்கார வைக்கிறாள், அலசுகிறாள். 'அட, இட்லி மாவு கரைக்கிற கைக்கு இது என்ன பிரமாதம்!' என்று தோன்றியது. மறுமாதத்திலிருந்து வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

கடையில் நான் வாங்கியது பச்சை இலைப் படம் போட்ட பாக்கெட். 'மூலிகை', 'கறுப்பு மருதாணி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தண்ணீரில் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரத்தில் அலசினால் முடி கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஐந்து வருஷம் அதே பாக்கெட்தான். ஒரு அரிப்பு, ஒரு எரிச்சல் கிடையாது. அதனால்தான் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கொஞ்சமும் யோசிக்காமல் பூசிக்கொண்டேன்.

அன்று ராத்திரி காதோரம் நமநமவென்று அரித்தது. கொசு என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் சிவந்து நீர்க்கொப்புளம். காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தலைக்கு டை அடிச்சீங்களா?"

"இல்லையே டாக்டர், மருதாணிதான் போட்டேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"மருதாணி போட்டு யாருக்கும்மா முடி கறுப்பாகும்? அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார். பையன் ஸ்கூட்டரில் போய் எடுத்து வந்தான். டாக்டர் அதைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு ஊர்ந்தமாதிரி இருந்த எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார். பாரா-பினைலின்-டை-அமீன். டாக்டர்கள் சுருக்கமாகப் பி.பி.டி. என்கிறார்கள். தலைச்சாயங்களில் கறுப்பு நிறத்தைக் கொடுப்பது பெரும்பாலும் இந்த ரசாயனம்தான். மருதாணி இலையின் சாயம் ஆரஞ்சு கலந்த சிவப்பு, அவ்வளவுதான். அரை மணியில் கறுக்கிற 'மருதாணி' என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

"அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையே டாக்டர்?" என்றேன் விடாமல். அதற்கு அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. இந்த ஒவ்வாமை முதல் தடவையே வரவேண்டும் என்பதில்லையாம். வருஷக்கணக்கில் பூசும்போது உடம்பு சத்தம் போடாமல் அதைப் பகையாளியாக அடையாளம் வைத்துக்கொண்டு, ஒருநாள் திடீரென்று சீறுமாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் அந்தப் பொருள் ஆகாது. கல்யாண வீடுகளில் கைக்கு 'கறுப்பு மருதாணி' டிசைன் போடுகிறார்களே, அதிலும் பல சமயம் இதுவே சேர்ந்திருக்கும். சின்ன வயசில் அதைக் கையில் போட்டுப் புண்ணாகிய பெண்ணுக்கு, பிற்காலத்தில் தலைச்சாயம் பெரிய வினையாக முடியலாம்.

மாத்திரை, களிம்பு என்று வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கல்யாணம் அதற்குள் முடிந்துபோனது. ஆல்பத்தின் கதை இதுதான்.

இதைப் படித்துவிட்டு, 'வீட்டில் சாயம் பூசுவதே ஆபத்து, பார்லரே மேல்' என்று நினைத்துவிடாதீர்கள். பார்லரில் பூசுவதும் பெரும்பாலும் இதே ரசாயனம்தான். அங்கே போயிருந்தாலும் எனக்கு இது வந்திருக்கும். நான் விட்ட பிழை வேறு. பாக்கெட்டுக்குள் மடித்து வைத்த காகிதத்தில் அச்சடித்திருந்த சோதனையை ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூடச் செய்யவில்லை. உங்களில் எத்தனை பேர் செய்கிறீர்கள்? என் சிநேகிதிகள் பத்துப் பேரைக் கேட்டேன். ஒருத்தி சிரித்தாள். மற்றவர்களுக்கு அப்படி ஒரு காகிதம் உள்ளே இருப்பதே தெரியவில்லை.

சோதனை மிகச் சுலபம். காகிதத்தில் சொன்னபடி துளி சாயத்தை எடுத்துக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு அளவு வையுங்கள். சொன்ன நேரம் கழித்துக் கழுவிவிட்டு, 48 மணி நேரம் கவனியுங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு ஏதாவது வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் பொட்டு வைத்துவிட வேண்டும். 'போன மாசம்தானே பூசினேன்' என்று விடக்கூடாது, ஒவ்வொரு தடவையும் வேண்டும். 'அமோனியா இல்லாதது' என்று போட்டிருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமோனியாவின் வேலை முடியின் மேல் செதிலைத் திறந்துவிடுவது. அது இல்லை என்றால் நெடி குறையும். பி.பி.டி. இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

சோதனையில் தேறியவர்கள் தாராளமாக வீட்டிலேயே பூசலாம். அன்று தலைக்குக் குளிக்காமல், முதல் நாள் குளித்த தலையில் பூசினால் மண்டைத் தோல் அவ்வளவாக எரியாது. தலையில் புண்ணோ, சீப்புக் கீறலோ இருந்தால் தள்ளிப் போடுங்கள். நெற்றி ஓரம், காது மடல், பிடரி மூன்றிலும் வாசலின் தடவிக்கொண்டால் கறை ஏறாது. கிண்ணம் பீங்கானோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும், எவர்சில்வர் வேண்டாம். கூந்தலை நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, நரை அடர்ந்த முன்நெற்றியிலும் பொட்டுப் பக்கத்திலும் முதலில் பூசுங்கள். இரண்டாம் முறையிலிருந்து புதிதாக வளர்ந்த வேர்ப்பக்கம் மட்டும் போதும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஒவ்வொரு தடவையும் நுனிவரை இழுத்துப் பூசினால் நுனி வைக்கோலாகிவிடும், சாயமும் வீண். நேரம் காகிதத்தில் உள்ளபடிதான். 'இன்னும் கொஞ்சம் ஊறட்டும்' என்று சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள்.

புருவத்துக்கும் இமைக்கும் மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 1933-ல் 'லாஷ் லூர்' என்று ஒரு இமைச்சாயம் விற்றது. அதிலும் இதே பி.பி.டி.தான். அதைப் பூசிக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கண் பார்வையே போய்விட்டது. அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1938-ல் அங்கே வந்ததற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு விஷயம். ஒருமுறை என் தங்கை ஊரிலிருந்து வந்திருந்தபோது, மிச்சச் சாயத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக் குளியலறைத் திண்டில் வைத்துவிட்டுத் தலையை அலசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவளுடைய இரண்டு வயசுப் பையன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். 'காப்பி' என்றான். நல்லவேளை, வாய்க்குப் போகவில்லை. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. இந்தச் சாயத்தை விழுங்கினால் தொண்டையும் நாக்கும் வீங்கி மூச்சை அடைக்கும், தசைகளும் சிறுநீரகமும் கெடும். இதற்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது. யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது என்று நேரத்தைக் கடத்தாமல் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும். சாயம் பூட்டின அலமாரியில் இருக்கட்டும். மிச்சத்தைச் சேமிக்கவே கூடாது. கலந்த சாயத்தைப் பாட்டிலில் அடைத்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கவும் செய்யும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் முதல் மூன்று மாதம் சாயத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. அப்புறமும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இருபது, இருபத்தைந்து வயசுக்குள்ளேயே நரைத்தால், சாயம் வாங்கும் முன் இரத்தத்தில் பி-12 சத்தும் தைராய்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

சரி, என் மாதிரி ஆகாதவர்கள் கதி? ஆறு மாதம் தலையில் உப்பும் மிளகுமாகத் திரிந்தேன். கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்தால் நரை கறுக்கும் என்று ஆளுக்கொருவர் சொன்னார்கள். தேய்த்தேன். தலை குளிர்ந்தது, நரை நரையாகவே இருந்தது. கடைசியில் பெரிய கடை வீதியில் நாட்டு மருந்துக் கடைப் பெரியவர்தான் வழி சொன்னார். "மருதாணியும் அவுரியும் தனித்தனியா வாங்கிட்டுப் போங்கம்மா."

அவுரி என்பது துணிக்கு நீலச்சாயம் எடுக்கிற செடி. நம் திண்டிவனம் பக்கத்தில் பயிராகிறது. மருதாணியின் ஆரஞ்சு மேல் அவுரியின் நீலம் ஏறினால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு அடர்ந்த பழுப்பு வருகிறது. கேட்டு வாங்கும்போது 'நீல அவுரி' என்று அழுத்திச் சொல்லுங்கள். பெயரில் மயங்கி 'நிலாவாரை' வாங்கி வந்துவிட்டால் அது பேதி மருந்து. தலைக்கு உதவாது, வேறு வேலைக்குத்தான் உதவும்!

தோள்வரை முடி என்றால் இரண்டிலும் நூறு நூறு கிராம் போதும். முதல் நாள் ராத்திரி மருதாணிப் பொடியை ஆறிய தேயிலை டிகாஷனில் கொஞ்சம் எலுமிச்சம் சாறு விட்டுக் குழைத்து மூடி வையுங்கள். காலையில் எண்ணெய்ப் பசையில்லாத தலையில் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு, சீயக்காய் கூடாது. இப்போது நரையெல்லாம் கேரட் நிறத்தில் இருக்கும், பயப்படாதீர்கள். அதன் பிறகுதான் அவுரியைக் கரைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பூசிவிட வேண்டும். மருதாணி மாதிரி ஊற வைத்தால் அதன் சாரமே போய்விடும். ஒரு மணி முதல் இரண்டு மணி வரை விட்டு அலசினால் முதலில் பச்சை அடித்தமாதிரி தெரியும். ஒன்றிரண்டு நாளில் தானே கறுக்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம். முதல் தடவை எனக்கு இது தெரியாமல் அன்று சாயங்காலமே சீயக்காய் போட்டுத் தேய்த்து, நிறத்தில் பாதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டேன். மருதாணி போடாமல் வெறும் அவுரியை நரையில் பூசினால் நீலமாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பார்லர் கறுப்பும் வராது. வெயிலில் நின்றால் லேசாகச் செம்பட்டை அடிக்கும். இலைப்பொடிதானே என்று சோதனையை விட்டுவிடவும் கூடாது. சிலருக்கு இதுவும் ஆகாது. பொடியில் கலப்படமும் இருக்கலாம். நான் இப்போதும் வெள்ளிக்கிழமை காலையில் காதுக்குப் பின்னால் பொட்டு வைக்கிறேன். கைக்குழந்தைக்கு மட்டும் மருதாணி வேண்டாம். 'ஜி-6-பி-டி' என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு, மருதாணி தோல் வழியாக ஏறி இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வந்திருக்கிறது.

போன மாதம் நான் அவுரி கரைத்துக்கொண்டிருந்தபோது என் மாமியார் மெதுவாகப் பின்னால் வந்து நின்றார். எழுபத்தெட்டு வயசு, தும்பைப்பூத் தலை. 'நரை வந்தா என்னம்மா, வயசாயிடுச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா குறைஞ்சா போவோம்?' என்று இத்தனை வருஷம் என்னைக் கேலி செய்தவர். கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல கொஞ்சம் மிச்சமாகுமா?"

"எதுக்கு அத்தை?"

"சும்மாதான். அடுத்த மாசம் பேத்திக்குச் சீமந்தம் வருதே."

"அதுக்கு முன்னாடி காதுக்குப் பின்னால பொட்டு வைக்கணும்" என்றேன்.

முந்தானையை ஒதுக்கிக்கொண்டு காதைக் காட்டினார்.