செவ்வாயிலே சக்கரம், ஜாதகத்திலே சிக்கல்!

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பெருஞ்சாலையிலே உள்ளது எலவனாசூர்கோட்டை. கூட்டமொன்றிலே பேச அங்கே சென்றிருந்தோம். மேடை போட்டு முடியவில்லை. தோழர்களோடு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். ஒருவர் ஏட்டை விரித்து உரக்கப் படித்தார்: செவ்வாய்க் கிரகத்திலே ஆராய்ச்சி வண்டி துளைத்தெடுத்த பாறையிலே, பண்டைய உயிரின் தடயமாக இருக்கக்கூடிய புள்ளிகள்!

மூட்டை சுமக்கும் தோழர் ஒருவர் சிரித்தார். "நம்ம ஏரியிலே தண்ணி நிக்க வழியக் காணோம். இவன் செவ்வாயிலே போய்த் தண்ணி தேடுறானா?"

கடை முழுவதும் சிரிப்பு. சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். வயது அறுபதிருக்கும். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, வண்டி ஓட்டுறாங்களே, அந்தச் செவ்வாயும் எம்பொண்ணு ஜாதகத்துல இருக்கிற செவ்வாயும் ஒண்ணுதானா?"

மகளுக்கு வயது இருபத்தொன்பது. படித்த பெண். பார்க்க வந்த இடங்கள் மூன்று. மூன்றும் திரும்பிப் போயின. காரணம், செவ்வாய் தோஷம்!

"அதே செவ்வாய்தான், பெரியவரே!" என்றோம். மேடையிலே பேச நினைத்ததை மறந்து, அங்கேயே பேசத் தொடங்கினோம்.

செவ்வாய் ஏன் சிவப்பு? கோபத்தால் அல்ல, குருதி வெறியால் அல்ல. துரு! மழையிலே கிடக்கும் மண்வெட்டியிலே ஏறுகிறதே, அதே இரும்புத் துரு. அந்தத் துருப்பிடித்த தரையிலே 1997லேயே அமெரிக்கா சிறிய வண்டி ஒன்றை இறக்கி ஓட்டிவிட்டது. 2004ல் இறங்கிய 'ஆப்பர்சூனிட்டி', தொண்ணூறு நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டது. 2018 வரை உழைத்தது. 45 கிலோமீட்டர் உருண்டது. புழுதிப் புயலிலே ஓய்ந்தது. உழைப்பாளி வண்டி! 2012ல் இறங்கிய 'கியூரியாசிட்டி', உருண்டு தேய்ந்த கூழாங்கற்களைக் கண்டது. கோமுகி ஆற்றிலே கிடக்கும் கல்லைப் பார்த்தவனுக்கு விளக்கம் வேண்டுமா? அங்கேயும் ஒரு காலத்தில் நீர் ஓடியது!

2021 பிப்ரவரியில் இறங்கிய 'பெர்சிவரன்ஸ்', ஆறு வந்து கலந்த பழைய ஏரிப் பள்ளத்தைத் தேடிச் சென்றது. 2024ல் அது துளைத்த பாறையிலேதான் அந்தப் புள்ளிகள். 2025 செப்டம்பரில் அதன் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. உயிர் உண்டென்று விஞ்ஞானி சத்தியம் செய்யவில்லை. உயிரால் உண்டாகியிருக்கலாம், வேறு வகையிலும் உண்டாகியிருக்கலாம், இன்னும் சோதிக்க வேண்டும் என்கிறான். கோடிக்கணக்கான மைல் சென்று, கல்லைத் துளைத்து, அதன் பிறகும் அடக்கத்தோடு 'இருக்கலாம்' என்கிறான் அவன். திண்ணையைவிட்டு இறங்காமல், கட்டத்தைப் பார்த்து, 'கணவன் உயிருக்கு ஆபத்து' என்று துணிந்து சொல்கிறான் இவன்! செவ்வாயிலே உயிர் உண்டா என்று அங்கே தேடுகிறார்கள். செவ்வாய் உயிரை வாங்கும் என்று இங்கே நடுங்குகிறார்கள்.

ஏரித் தோழரின் கேள்வியையும் நாம் தள்ளிவிடவில்லை. நியாயமான கேள்வி. ஏரியைத் தூர்வாருவது ஆள்வோர் கடமை. அதை வாதாடிப் பெறுவது நம் கடமை. ஆனால் விண்வெளி விஞ்ஞானம் ஏரிக்குப் பகையல்ல. நிலத்தடி நீர் எங்கே கிடைக்கும் என்று காட்டும் வரைபடங்களை, செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கொண்டுதான் நம் நாட்டிலே தயாரித்திருக்கிறார்கள். செவ்வாய் தரும் பாடமும் ஒன்றுண்டு: நீர் நிறைந்த உலகமும் வறண்டு போகலாம்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்று ஒதுங்கவும் வழியில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. சுமார் 450 கோடி ரூபாய்த் திட்டம். அதை நடத்தியவர்களிலே கோவை மாவட்டம் கோதவாடியிலே பிறந்த மயில்சாமி அண்ணாதுரையும், நெல்லைச் சீமையின் சுப்பையா அருணனும் உண்டு. அது சுற்றி வந்த கலம். தரையிலே ஓடும் வண்டியல்ல. வண்டியை நாம் நிலவிலே ஓட்டினோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிற்று. ஆறு சக்கரம், 26 கிலோ எடையுள்ள 'பிரக்யான்' உருண்டது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் யார்? இதோ பக்கத்து விழுப்புரம்! ரயில்வே தொழிலாளியின் மகன். ரயில்வே பள்ளியிலே படித்தவர். நிலவின் மண்ணைப் போன்ற மண் சோதனைக்குத் தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதி மண்தான் கைகொடுத்தது. தமிழ் மண்ணிலே பழகிய சக்கரம், நிலவு மண்ணிலே தடம் பதித்தது!

பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "எனக்குப் புரியுது தம்பி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் புரியணுமே!"

நமக்குச் சுருக்கென்றது. கடையிலே அமைதி.

யார் அந்த மாப்பிள்ளை வீட்டார்? வேற்று உலகத்தவரா? மேடைக்கு எதிரே அமர்ந்து கை தட்டுகிறோமே, நாமல்லவா! தெருவிலே பகுத்தறிவு பேசிவிட்டு, மகனுக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் 'வீட்டிலே கேட்கமாட்டேன் என்கிறார்கள்' என்று ஜாதகத்தைக் கையிலே எடுப்போர் நம்மிலே இல்லையா? பழியை வீட்டுப் பெண்கள்மீது போட்டுத் தப்புவது வீரமா?

தோழர்களே! செவ்வாய்க்கு வண்டி அனுப்ப ஆயிரம் விஞ்ஞானிகள் வேண்டும், கோடிகள் வேண்டும். எலவனாசூர்கோட்டையிலே ஒரு பெண்ணின் வாழ்வு மலர, அவ்வளவெல்லாம் தேவையில்லை. 'ஜாதகம் வேண்டாம், பெண்ணைப் பிடித்திருக்கிறது' என்று சொல்ல ஒரு மாப்பிள்ளை போதும். அவன் நம் வீட்டிலிருந்து புறப்படட்டும்!