முதுகில் ஊசி போட்டபின் வரும் தலைவலி

மூளைக்காய்ச்சலைக் கண்டறிய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்த பிறகும், சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்ட பிறகும் சிலருக்கு ஒரு தனி வகைத் தலைவலி வருகிறது. எழுந்து உட்கார்ந்தால் நெற்றியும் பின்னந்தலையும் தெறிக்கும், படுத்தால் தணியும். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கும். தண்டுவடத்தைச் சூழ்ந்த உறையில் ஊசி இட்ட துளை உடனே மூடாமல் நீர் கசிவதே காரணம். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தம் முதுகிலேயே இந்த ஊசியைச் சோதித்தார். குழாய் ஊசியோடு பொருந்தாததால் நீர் நிறைய வழிந்துபோக, ஒன்பது நாட்கள் படுக்கையில் கிடந்தார்.

இளவயதினர், பெண்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், முன்பே இந்தத் தலைவலி கண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அறுபதைக் கடந்தவர்களுக்குக் குறைவு. வயதையும் பாலினத்தையும் மாற்ற முடியாது, ஊசியை மாற்றலாம். ஊசியின் எண் கூடக் கூடத் தடிமன் குறையும், கசிவும் குறையும். முனையின் வடிவம் அதைவிட முக்கியம். வெட்டுமுனை உறையின் இழைகளை அறுக்கிறது. பென்சில் முனை அவற்றை விலக்கிக்கொண்டு நுழைகிறது. 2018இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வில், வழக்கமான ஊசியால் 11 சதவீதத்தினருக்கு வந்த தலைவலி பென்சில் முனை வகை ஊசியால் 4.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. இவ்வளவு தெரிந்த பின்பும் பழைய ஊசியையே பழக்கத்தால் எடுப்பது ஏற்கத்தக்கதல்ல. பிரசவ வலிக்கான எபிடியூரல் ஊசி தடிமனானது; அது தவறி உறையைத் துளைத்துவிட்டால் பாதிப்பேருக்கு மேல் தலைவலி வரும்.

தலையணை இல்லாமல் 24 மணி நேரம் மல்லாந்து படுத்தால் தலைவலி வராது என்பது நம் ஊர் வார்டுகளில் வேரூன்றிய நம்பிக்கை. ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கவில்லை. வந்த வலியைப் படுக்கை தணிக்கும், அவ்வளவே.

பெரும்பாலோருக்கு வலிமாத்திரை, போதிய நீர், ஓய்வு ஆகியவற்றுடன் ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும். எழவே முடியாதபடி வலி நீடித்தால், நோயாளியின் கையிலிருந்தே சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து, துளையருகே செலுத்தி அடைப்பார்கள். படுத்தும் வலி குறையாமை, காய்ச்சல், இரட்டைப் பார்வை, வலிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளை உறைக்கடியில் ரத்தக்கசிவோ, பிரசவித்த பெண்களுக்கு மூளைச் சிரையில் ரத்த உறைவோ இருக்கக்கூடும்.

எல்லாம் முறைப்படி செய்தாலும் இந்தத் தலைவலி வரலாம். வந்ததாலேயே அது மருத்துவரின் கவனக்குறைவு ஆகாது. ஆனால் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லாததும், வலி என்று வந்தவரைப் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்புவதும் வேறு. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், போதிய விவரம் அறிந்து நோயாளி தரும் ஒப்புதலே செல்லும் என்றது. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், “பென்சில் முனை ஊசி இருக்கிறதா?” என்று நோயாளியோ உடன் இருப்பவரோ தயங்காமல் கேட்க வேண்டும்.