எல்லைக்கு அந்தப்புறம் – 9: கம்பெனி ஆஸ்பத்திரி

கல்லாவிக்காரர் சாமல்பட்டியில் ரயிலேறினால் ஜோலார்பேட்டை. அங்கே மாறினால் பங்காருப்பேட்டை. இன்னொரு முறை மாறினால் கோலார் தங்கவயல். மழை பொய்த்த ஆண்டுகளில் சேலம், வடாற்காடு ஜில்லாக்காரர்கள் மூட்டை முடிச்சோடு போன பாதை இது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. லைன் வீடுகளில் பிள்ளை குட்டிகளோடு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்குள்ள தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். பெங்களூருக்கு முன்பே கரண்ட் பார்த்த ஊர் என்று தங்கவயல்காரர்கள் இன்றும் பெருமை பேசுவார்கள். பேசட்டும். எனக்கு அந்த ஊர் விளங்கியது சாம்பியன் ரீஃப் பக்கம் இருக்கும் சுரங்கக் கம்பெனியின் பழைய ஆஸ்பத்திரியால்தான்.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைப் பகுதிக்கு நிர்வாகம் பார்க்கச் சானிட்டரி போர்டு இருந்தது. சுரங்கத்து ஆட்களுக்கோ வீடு, தண்ணீர், வைத்தியம் எல்லாமே கம்பெனி. அதனால் அந்த ஊரின் உண்மையான ஊராட்சி மன்றம் இந்த ஆஸ்பத்திரிதான் என்பேன். கை நசுங்கியவனும் இங்கேதான் வந்தான், பிரசவ வலி கண்டவளும் இங்கேதான் வந்தாள். பாறை வெடித்துச் சரிந்த நாட்களில் ஊரே இதன் வாசலில் நின்றது.

வெளிக்காயம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது தூசு. தங்கம் வெண்கல் பாறையின் இடுக்கில் இருந்தது; அதைத் துளைக்கும்போது பறக்கும் துகள் மூச்சோடு போய் நுரையீரலில் தழும்பாகி இறுகும். சிலிக்கோசிஸ். 1940இல் மைசூர் அரசு இதற்கு இழப்பீட்டு விதி கொண்டுவந்தது. அன்றிலிருந்து எக்ஸ்ரே படத்துக்கு ரூபாய் மதிப்பு வந்துவிட்டது. 1940 முதல் 1946 வரை 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் நோய். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஏறக்குறைய ஒருவர்!

அந்த ஆண்டுகளில் இங்கே மருத்துவராக இருந்தவர் ஆந்தனி கப்லான். பிறகு பிரிட்டனுக்குத் திரும்பி, வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களில் முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் தனிவகை முடிச்சுகள் இருப்பதை 1953இல் எழுதினார். மருத்துவப் புத்தகங்களில் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். சுரங்க நுரையீரலை அவர் படித்துத் தேர்ந்தது நம்மவர்கள் மார்பில். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2001இல் சுரங்கம் நின்றது. ஆஸ்பத்திரியும் பூட்டிக் கிடந்தது. கூரையில் ஓட்டை, வார்டுகளில் புதர். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் ஊர் தவித்தபோது, தொண்டர்கள் உள்ளே புகுந்து சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டார்கள். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் அந்த வார்டுகளுக்கு வந்த நோயாளிகளும் மூச்சுத் திணறித்தான் வந்தார்கள்.

அடுத்த வாரம், ஊருக்கு நடுவே மலையாய் நிற்கும் சயனைடு மேடு.