புஷ்பங்களை உறைய வைத்து உலர்த்தும் முறை

விலை இறங்கிய நாளில் பூவை உறைய வைத்து உலர்த்திச் சேமித்துப் பின்னர் விற்கலாகாதா என்று பூச்சாகுபடி செய்யும் மிராசுதார்கள் சிலர் வினவுகின்றனர். யந்திரத்தில் பணம் போடுமுன் அதன் தத்துவத்தையும், எந்தப் பூவுக்கு அது ஏற்றது என்பதையும் அறிந்துகொள்ளுதல் அவசியமாம்.

ரோஜாப்பூவின் எடையில் பெரும்பகுதி ஜலமே. நிழலில் உலர்த்துங்கால் அந்த ஜலம் இதழின் நுண்ணறைகளை விட்டு நீங்குகையில் அறைச் சுவர்களையும் உள்ளிழுத்துவிடுகிறது. ஆகவே இதழ் சுருங்குகிறது. ஜலத்தை முதலில் பனிக்கட்டியாக்கி, அது உருகாமலே நேரே ஆவியாகும்படி செய்தால் சுவர்கள் இருந்தபடியே நிற்கும். கற்பூரம் உருகாது காற்றில் கரைந்து மறைவதை யாவரும் கண்டிருப்பர், இதுவும் அத்தகையதே. பெரு தேசத்து மலைவாசிகள் இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் உருளைக்கிழங்கை மாறி மாறி இட்டு வற்றலாக்குவது இதனோடு உறவுடைய பழைய வழக்கம்.

காற்றின் சாதாரண அழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். மூடிய அறையில் அதனை 4.5 மில்லிமீட்டருக்கும் வெகுவாகக் கீழே இறக்கினால் ஜலம் திரவமாக நிலைத்திருக்க இயலாது. பூக்களை முதலில் விரைவாக உறையவைத்தல் வேண்டும். மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெருத்து நுண்ணறைகளைக் கிழித்துவிடும். பிறகு காற்றை வெளியேற்றித் தட்டுகளுக்குச் சிறிது சிறிதாக உஷ்ணம் கொடுக்கப்படும். வெளிப்படும் ஆவி, அதனினும் குளிர்ந்த குழாய்ச்சுருளில் பனியாகப் படியும். உஷ்ணத்தை அவசரப்பட்டு ஏற்றினால் உட்பனி உருகி இதழ்கள் ஈரத்துணிபோல் படிந்து கெடும். முழு ரோஜாவுக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை செல்லும். இடையில் நெடுநேரம் மின்சாரம் நின்றால் தட்டிலுள்ள பூ அத்தனையும் நஷ்டமே.

இம்முறை உருவத்தையும் நிறத்தையும் பெரும்பாலும் காக்கும்; மணத்தைக் காவாது. வாசனை தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகுமாதலால் ஜலத்தோடு அவற்றின் பெரும்பகுதியும் போய்விடும். ஆகையால் ஓசூர்ப் பக்கத்து ரோஜாவுக்குப் பொருந்துவது மதுரை மல்லிகைக்குப் பொருந்தாது. மல்லிகையை மக்கள் வாங்குவது மணத்திற்காகவும் மாலைக்காகவுமே. உலர்ந்த அரும்பு நாரில் தொடுக்கையிலேயே உடையும். மல்லிகை மிஞ்சும் காலத்தில் வாசனைத் திரவியத் தொழிற்சாலைக்கு அனுப்புவதே தக்க வழி. வாடிய பூவைப் பூஜைக்கு ஆகாதென்று விலக்கும் நம் நாட்டில் உலர்ந்த பூவுக்குக் கோயில் வாசலில் கிராக்கி இராது. அலங்காரப் பொருள் செய்வோரும் ஏற்றுமதி வியாபாரிகளுமே அதனை வாங்குவோர். அவர்களிடம் முன்னரே பேசி முடிக்காமல் யந்திரம் வாங்குதல் விவேகமன்று.

செந்நிற ரோஜா உலர்ந்தபின் கறுக்கக்கூடும்; வெண்மை சிறிது பழுப்பேறும். உலர்ந்த பூ காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துவளுமாதலால், ஐப்பசி கார்த்திகை மழைநாட்களில் காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டியிலன்றித் திறந்து வைக்கலாகாது.

சிறு அளவில் பரீட்சிக்க விரும்புவோர் சிலிக்கா ஜெல் என்னும் மணிகளைக் கொண்டு செய்து பார்க்கலாம். பனி உலர்ந்தபின் பறித்த, பாதி விரிந்த பூவைக் காம்பு குறுக்கி, மூடியுள்ள டப்பாவில் நிமிர்த்தி வைத்து, இதழ்களின் இடையிலும் மணிகள் புகுமாறு மெல்லச் சொரிந்து மூடுக. சுமார் ஒரு வாரத்தில் உலரும். மணிகளைச் சூட்டடுப்பில் காயவைத்து மீண்டும் உபயோகிக்கலாம். மணி கிடைக்காவிடில் கழுவிச் சலித்து உலர்த்திய மெல்லிய ஆற்றுமணல் போதும். நாட்கள் மட்டும் கூடுதலாகும். மணலிட்ட டப்பாவை மூடலாகாது.