பால்ய வயதுக் காயம்: ஆற்றிக்கொள்ளக் காலம் கடந்துவிடவில்லை

திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டி நெசவுத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டில் சித்தப்பா, எதிர்வீட்டில் அத்தை. யாரும் யார் வீட்டுக்குள்ளும் போய்வரலாம். பிள்ளை வளர்ப்பில் இந்த நெருக்கம் பெரிய பலம். ஆனால் எந்த ஊரிலும், பாலியல் தொல்லை தந்தவர் அந்த உறவு வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டால், பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அப்படிச் சொல்ல முடியாமல் வளர்ந்து, நாற்பது வயதிலும் அதைச் சுமக்கிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

நீங்கள் தனி ஆள் இல்லை

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். தொல்லை தந்தவர்களில் சுமார் பாதிப் பேர் தெரிந்தவர்கள். அந்தக் குழந்தைகளில் பலர் இன்று அப்பாவாகவும் அம்மாவாகவும் நம் நடுவே இருக்கிறார்கள்.

உடம்பு காட்டும் அறிகுறிகள்

ஆபத்து வந்தால் அட்ரினலின், கார்ட்டிசோல் சுரந்து உடம்பு உஷாராகும். ஆபத்து வீட்டுக்குள்ளேயே நீடித்தால் அந்த உஷார்நிலை பழகிப்போய்விடுகிறது. தூக்கமின்மை, கெட்ட கனவு, படபடப்பு, காரணம் பிடிபடாத வலி, தாம்பத்தியத்தில் அச்சம், அடக்க முடியாத கோபம், குடி எனப் பின்னாளில் அது தலைகாட்டும்.

அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைச் சந்தித்தவர்களுக்கு, எதையும் சந்திக்காதவர்களைவிட மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு என்று அது காட்டியது. அபாயம் கூடுதல் என்பது தலைவிதி ஆகாது. சிகிச்சைக்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

"அன்னைக்கே ஏன் கத்தல?"

பலரும் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. மிகுந்த பயத்தில் உடம்பு அசையாமல் உறைந்துபோவது இயற்கை. பேசாமல் இருந்ததும், தொல்லை தந்தவர் கொடுத்த மிட்டாயை வாங்கியதும் சம்மதம் ஆகாது. குற்றம் முழுக்கச் செய்தவருடையது.

மீட்சியின் படிகள்

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் மூன்று கட்டங்களைச் சொன்னார். முதலில் பாதுகாப்பு: தூக்கம், உணவு, நம்பிக்கையான ஒருவர் துணை. அடுத்து, நடந்ததைப் பேசி, இழந்ததற்காக அழுவது. கடைசியாக, உறவும் வேலையும் கூடிய வாழ்க்கைக்குத் திரும்புவது. முதல் கட்டம் உறுதியாகும் முன் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கவேண்டியதில்லை.

மன அதிர்ச்சிப் பாதிப்புக்கென வகுத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும், கண் அசைவுகளோடு நினைவைக் கையாளும் சிகிச்சையையும் உலக சுகாதார அமைப்பு 2013-ல் பரிந்துரைத்தது. பழைய நினைவு திடீரென அழுத்தும்போது பாதங்களைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

குடும்பத்தாருக்கு

"நடந்தது நடந்துபோச்சு, நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்" என்று வாயை அடைக்காதீர்கள். "நான் நம்புறேன், உன் மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். மன்னிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். விசேஷ வீட்டில் தொல்லை தந்த ஆளை வணங்கச் சொல்லவும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறுவயதில் சென்னையில் துன்புறுத்தப்பட்டு, பின்னர் கனடாவில் விஞ்ஞானியான பூர்ணிமா கோவிந்தராஜுலு, வளர்ந்த பிறகும் புகார் தரும் உரிமைக்காகப் போராடினார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் புகாருக்குக் காலவரம்பு இல்லை என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2012 நவம்பர் 14-க்கு முந்தைய குற்றங்களுக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள். புகார் தருவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சிகிச்சைக்கு அது நிபந்தனை இல்லை.

உதவி எங்கே?

அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே அழையுங்கள். உள்ளூரில் சிகிச்சைக்குப் போகத் தயக்கமென்றால் பஸ் ஏறித் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் காக்கிறது.

தொல்லை தந்த ஆளின் அருகில் இன்றும் குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். அன்று உங்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, ஒரு பிள்ளைக்காவது இன்று கிடைக்கட்டும்.